15-க்கும் 31-க்கும் நடுவே: வீட்டுக் கணினியைப் பழைய வீடியோகேம் பெட்டியோடு இணைப்பது

பழைய வீடியோகேம் பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: உள்ளே இருக்கும் போர்டைக் கழற்றிவிட்டு, வீட்டில் சும்மா கிடக்கும் கணினியை அந்தத் திரையில் மாட்டினால் என்ன? ஒரே பெட்டியில் எல்லா ஆட்டத்தையும் ஆடலாமே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பழைய வண்ணாரப்பேட்டையில், மூடிப் பல வருடமான ஒரு கேம் கடையின் பின்கட்டில் கிடந்த பெட்டி அது. மீன்பாடி வண்டியில் ஏற்றித் தண்டையார்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சின்ன வயதில் காசு போட்டு நாங்கள் ‘முஸ்தபா’ ஆடியது இந்த மாதிரிப் பெட்டியில்தான். அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். காப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. அதில் வரும் ஒரு வீரனின் பெயரே நம் தெருக்களில் ஆட்டத்தின் பெயராகிவிட்டது.

“ஒரு அடாப்டர் இருந்தா போதும், விஜிஏ கேபிள அப்படியே மாட்டிக்கலாம்” என்று ஒரு கடையில் சொன்னார்கள். நம்பி மாட்டினேன். ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிந்து, சாய்ந்து கிழிந்து ஓடியது. பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுவிட்டது. கல்மண்டபம் பக்கம் பழைய டிவி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். திரையில் கோடு வரைய வைக்கும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தது. அதை மாற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “ஒயர் மாட்டுறதெல்லாம் பெரிய விசயமே இல்ல தம்பி. நீ அனுப்புற சிக்னல் எவ்ளோ வேகத்துல ஓடுது, இந்த டியூப் எவ்ளோ வேகத்துல ஓடும், அத மொதல்ல பாரு.”

எந்த வேகத்தைச் சொல்கிறார்? அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கை வேலைதான்.

தட்டச்சுப் பொறியும் பிக்சர் டியூபும்

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு வரியை இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டே போகிறோம். வரி முடிந்ததும் மணி அடிக்கும். லீவரைத் தள்ளினால் கேரேஜ் மறுபடி ஆரம்பத்துக்கு வந்து, தாளும் ஒரு வரி மேலே ஏறும். தாள் நிறைந்ததும் அதை உருவிவிட்டு அடுத்த தாளைச் செருகுகிறோம்.

பிக்சர் டியூப் செய்வதும் இதேதான். டியூபின் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை கிளம்பி, கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பரில் பட்டு ஒளி உண்டாக்குகிறது. கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளான யோக், அந்தக் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்து ஒரு கோடு வரைகிறது. கோடு முடிந்ததும் கற்றை அணைந்து சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. கொஞ்சம் கீழே இறங்கி அடுத்த கோடு. அடிமட்டம் வந்ததும் மேலே போய்ப் புதுத் தாள். ‘லீவரைத் தள்ளு’ என்கிற சைகைதான் கிடைமட்ட சிங்க், ‘தாளை மாற்று’ என்கிற சைகைதான் செங்குத்து சிங்க்.

ஒரு நொடியில் எத்தனை தடவை லீவரைத் தள்ளுகிறோம் என்பதுதான் அண்ணன் சொன்ன வேகம். பழைய ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒரு படத்துக்கு ஏறத்தாழ 262 கோடு அனுப்பும். அதில் 224 அல்லது 240 கோடுதான் கண்ணுக்குத் தெரியும்; மீதி, கற்றை மேலே திரும்பிப் போகும் நேரத்தில் கழிந்துவிடும். நொடிக்கு 60 படம். 262-ஐ 60-ஆல் பெருக்கினால் 15,720. இதைத்தான் 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டர் என்கிறார்கள். தூர்தர்ஷன் காலத்து டிவியும் இதே இனம்தான்: 625 கோடு, நொடிக்கு 25 முழுப்படம், ஆக 15,625. டிவி மெக்கானிக்குக் கேம் பெட்டியைப் பார்த்ததும் கை கூசாமல் வேலை செய்ய வருவது இதனால்தான்.

கணினியின் கதை வேறு. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறையில் 640-க்கு 480 அளவு படத்துக்கு மொத்தம் 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 60 படம். அதாவது நொடிக்கு 31,500 கோடு அளவில் போகிறது. பழைய மானிட்டரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மானிட்டர் ஒரு கோடு வரையும் நேரத்துக்குள் கணினி இரண்டு கோட்டை அனுப்பிவிடுகிறது. என் திரையில் ஒரே படம் இரண்டாகத் தெரிந்தது இதனால்தான்.

படம் கிழிவதோடு போனால் பரவாயில்லை. இன்னொரு சங்கதி இருக்கிறது. கற்றை வலமிருந்து இடமாகச் சட்டென்று திரும்புகிறதே, அந்தத் திருப்பத்தில் கிடைக்கும் மின் துடிப்பை வைத்துத்தான் டியூபுக்கு வேண்டிய 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மர் உண்டாக்குகிறது. படம் வரைவதும் மின்சாரம் தயாரிப்பதும் ஒரே சர்க்யூட், ஒரே டிரான்சிஸ்டர். அதனால் தவறான வேகத்தில் சிங்க் கொடுத்தால் மானிட்டரின் இதயத் துடிப்பையே கெடுக்கிறோம். பிற்காலக் கணினி மானிட்டர்கள் ‘இந்த வேகம் எனக்கு ஆகாது’ என்று திரையை அணைத்துக்கொள்ளும். பழைய கேம் மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் காவல் கிடையாது.

எல்லாப் பெட்டியும் 15 அல்ல. 24 கிலோஹெர்ட்ஸ் வகை உண்டு. பிறகு வந்தவற்றில் 31-ம் உண்டு. இரண்டு மூன்று வேகத்துக்குத் தானே மாறிக்கொள்ளும் மானிட்டரும் உண்டு. சேசிஸில், அதாவது டியூபை ஓட்டும் மின்னணு போர்டும் அதன் தகடும் சேர்ந்த பகுதியில், ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 31 ஓடும் மானிட்டர் கிடைத்திருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

முதலில் மின்சாரம்

கணினிப் பக்கம் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். இதில் தவறினால் போவது டிரான்சிஸ்டர் மட்டும் அல்ல.

பல கேம் மானிட்டர்களில் வீட்டு மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லாமல் நேராக டயோடுகளுக்குள் போய்விடும். அப்படிப்பட்ட சேசிஸில் கிரவுண்டு என்று நாம் நினைக்கும் தகடு உண்மையில் எர்த் அல்ல. அது மின்சார லைனோடு சேர்ந்தே இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை ஹாட் சேசிஸ் என்பார்கள். 230 வோல்ட் லைனில் அந்தத் தகடு உச்சத்தில் 325 வோல்ட் வரைக்கும் போகும். கணினியின் உலோகக் கூடோ எர்த்தோடு இணைந்தது. இரண்டின் கிரவுண்டையும் ஒரு விஜிஏ ஒயரால் சேர்த்தால் ஷார்ட்தான். ஃபியூஸ் போகலாம், கிராஃபிக்ஸ் கார்டு போகலாம், நடுவில் கை வைத்திருப்பவர் உயிரே போகலாம்.

இதற்கு மருந்து ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் ஒன்றையொன்று தொடாமல், காந்தப்புலம் வழியாக மட்டும் மின்சாரத்தைக் கடத்தும். பெட்டிக்குள் அடியில் கனமாக ஒன்று ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் அதைக் கழற்றிவிடாதீர்கள். அமெரிக்க மானிட்டருக்கு 110 முதல் 120 வோல்ட், ஜப்பான் மானிட்டருக்கு 100 வோல்ட் வேண்டும். அதற்காகக் கடையில் ‘230-ஐ 110 ஆக்கும் பெட்டி’ என்று கேட்டால் பல நேரம் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைத் தந்துவிடுவார்கள். அது வோல்ட்டைக் குறைக்கும், பிரிக்காது. இரண்டு சுற்றும் உள்ளே ஒன்றாகவே இருக்கும். மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, பிளக்கைக் கழற்றிய நிலையில் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் நடுவே பாருங்கள். பீப் சத்தம் வந்தால் அது வேண்டாம். நான் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் சொல்லி, 200 விஏ அளவுக்கு இரண்டு சுற்றும் தனித்தனியாகச் சுற்றி வாங்கினேன். 20 அங்குல மானிட்டருக்கு அது தாராளம்.

டியூபைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரண்டை நிறுத்திய பிறகும் டியூபின் கண்ணாடி ஒரு பெரிய கண்டென்சர் போல மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே சிவப்பு ரப்பர் மூடிக்கு அடியில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. சேசிஸில் கை வைப்பதற்கு முன் அதை டியூபைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பிக்கு இறக்க வேண்டும். இதை யாரும் எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. பழைய டிவி மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அழைத்து அவர் கையால் செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கையோடு கெட்டுப்போன கண்டென்சர்களையும், பிடிப்பு விட்டுப்போன சால்டரையும் (டிரை சால்டர்) பார்த்துவிடச் சொல்லுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் பல வருடம் கிடந்த போர்டில் இந்த இரண்டும் கட்டாயம் இருக்கும்.

கணினியை மெதுவாக ஓட வைப்பது

சரி, இப்போது கணக்கு. மானிட்டரின் வேகத்தை நாம் மாற்ற முடியாது. கணினியைத்தான் 15-க்கு இறக்க வேண்டும்.

320-க்கு 240 அளவில் ஒரு படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோட்டில் தெரியும் புள்ளி 320. கற்றை திரும்புவதற்கான இடைவெளியையும் சேர்த்தால் 426 புள்ளி நேரம். ஒரு படத்தில் தெரியும் கோடு 240. திரும்பும் நேரத்தோடு 262. நொடிக்கு 60 படம். மூன்றையும் பெருக்கினால் 66,96,720. ஏறத்தாழ 67 லட்சம், அதாவது 6.7 மெகாஹெர்ட்ஸ். கிராஃபிக்ஸ் கார்டு புள்ளிகளை இந்த வேகத்தில் அனுப்பினால் போதும். இந்த எண்களை வரிசையாக எழுதிக் கார்டிடம் கொடுப்பதைத்தான் மோட்லைன் என்கிறார்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. சாதாரண விஜிஏ படத்துக்கே 25.175 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது. பல கார்டுகள் 6.7 என்கிற குறைந்த வேகத்துக்கு இறங்கவே இறங்காது. இதற்கு யாரோ கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: கோட்டின் நீளத்தை எட்டு மடங்காக்கிவிடுவது. 320-க்குப் பதில் 2560 புள்ளி, 426-க்குப் பதில் 3408. இப்போது வேகம் 53.6 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும், கார்டு சம்மதிக்கும். மானிட்டர் குழம்பாதா? குழம்பாது. அது புள்ளிகளை எண்ணுவதே இல்லை. ஒயரில் ஏறி இறங்கும் வோல்ட்டேஜை மட்டும்தான் அது பார்க்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் எட்டுத் தடவை அடுத்தடுத்து அனுப்பினால் அதற்கு அது ஒரே புள்ளி. மானிட்டர் கணக்கு வைப்பது கோடுகளுக்கு மட்டும்தான். அதில் நாம் கை வைக்கவில்லை.

இதையெல்லாம் கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் என்ற நிரல் 1997-இல் வந்தது. அதன் ஒரு கிளையான குரூவிமேம், ஆட்டத்துக்கு ஆட்டம் சரியான மோட்லைனைத் தானே கணக்கிட்டு மாற்றிக்கொள்ளும். விண்டோஸில் பழைய ரேடியான் கிராஃபிக்ஸ் கார்டுகளை 15 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குவதற்கென்றே சிஆர்டி எமுடிரைவர் என்ற டிரைவர் இருக்கிறது. லினக்ஸில் ஸ்விட்ச்ரெஸ் என்ற கருவி அதே வேலையைச் செய்யும். என் ஆலோசனை: புதுக் கணினியைத் தேடாதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்றும், விஜிஏ வாய் அல்லது அனலாக் சிக்னலும் தரும் டிவிஐ (DVI-I) வாய் உள்ள ரேடியான் எச்டி 5000 வரிசைக் கார்டு ஒன்றும் வாங்குங்கள். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப் என்றால், அது எண்களாக அனுப்புவதை வோல்ட்டேஜாக மாற்ற இன்னொரு கருவி நடுவில் வேண்டும். அதில் சிக்கல் கூடும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவது ஏன் முக்கியம்? எல்லா ஆட்டமும் நொடிக்குச் சரியாக 60 படம் காட்டுவதில்லை. 1980-இல் வந்த பேக்மேன் 60.6, 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஏறத்தாழ 59.6, 1992-இல் வந்த மார்ட்டல் காம்பேட் 54.7. தட்டைத் திரையில் இதையெல்லாம் 60-க்குள் திணிக்கும்போது படம் லேசாகக் குதிக்கும். பழைய மானிட்டரோ, கொடுக்கிற தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இணங்கிப் போகும். பெட்டியில் ஆடினவர்கள் ‘அந்த வழவழப்பு மொபைல்ல வரல’ என்று சொல்வது வெறும் பழைய நினைவு அல்ல.

மென்பொருள் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு விஜிஏ சிக்னலை 15-க்கு மாற்றித் தரும் போர்டுகள் உண்டு. வாங்கும்போது கவனம். ஜிபிஎஸ் 8100 என்பதுதான் கணினியிலிருந்து பழைய மானிட்டருக்கு மாற்றுவது. அதைவிட அதிகமாகக் கண்ணில் படும் ஜிபிஎஸ் 8200 நேர் எதிர். பழைய கேம் போர்டைப் புது மானிட்டரில் காட்டுவதற்கானது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. 8100-இல் படம் வரும், ஆனால் கோடுகள் நசுங்கிக் கொஞ்சம் மசமசப்பாக வரும். அவசரத்துக்கு ஆகும்.

மூன்று நிறம், ஒரு சைகை

ஒயர் வேலை இனிமேல்தான். விஜிஏ பிளக்கில் 1, 2, 3 என்ற முனைகள் சிவப்பு, பச்சை, நீலம்; 6, 7, 8 அவற்றின் கிரவுண்டு; 13 கிடைமட்ட சிங்க், 14 செங்குத்து சிங்க். பெட்டிப் பக்கம் பெரும்பாலும் ஜாமா முறை இருக்கும். ஜப்பானில் 1985-இல் வந்த இந்த முறையில் 56 முனை கொண்ட ஒரே நீண்ட கனெக்டரில் படம், ஒலி, பட்டன், காசுப் பெட்டி எல்லாம் அடக்கம். எந்தக் கம்பெனி போர்டையும் கழற்றி மாட்டலாம் என்று ஆனது இதனால்தான்.

இரண்டு பக்கமும் நிறத்துக்கு மூன்று ஒயர் இருந்தாலும் பலம் வேறு. கணினி அதிகபட்சம் 0.7 வோல்ட் தரும். கேம் போர்டு பல வோல்ட் தரும். நேராக மாட்டினால் படம் மங்கலாக, சாயங்காலம் போல் இருட்டித் தெரியும். உடனே எல்லோருடைய கையும் ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ‘ஸ்க்ரீன்’ திருகுக்குப் போகும். தயவுசெய்து வேண்டாம். அதைத் திருகினால் கறுப்பு சாம்பலாகும், திரையில் சாய்ந்த கோடுகள் தெரியும், டியூபின் ஆயுசும் குறையும். புது பிக்சர் டியூப் இனிக் கடையில் கிடைக்காது. நடுவில் ஒரு சின்ன வீடியோ ஆம்ப்ளிஃபையர் வைப்பதே சரி.

சிங்க்கிலும் ஒரு வேறுபாடு. கணினி இரண்டு சைகையையும் தனித்தனி ஒயரில் அனுப்பும். பெட்டியோ இரண்டையும் ஒரே ஒயரில் கலந்து எதிர்பார்க்கும். 7486 என்ற சாதாரண ஐசி ஒன்றால் கலந்துவிடலாம். சில ரூபாய் சமாச்சாரம். மானிட்டரிலேயே இரண்டு சிங்க்குக்கும் தனி வாய் இருந்தால் இதுவும் தேவையில்லை. எல்லாம் ஒன்றாக வேண்டுமென்றால் ஜே-பேக் என்ற போர்டு இருக்கிறது. ஜாமா கனெக்டரை அப்படியே அதில் செருகி, மறுபக்கம் கணினியில் மாட்டினால், நிறத்தைப் பெருக்கும், சிங்க்கைக் கலக்கும், ஜாய்ஸ்டிக்கையும் பட்டனையும் கீபோர்டு போல் கணினிக்குச் சொல்லும். அதைவிடப் பெரிய உபகாரம், வேகம் 15-ஐத் தாண்டினால் சிங்க்கை மறித்துவிடும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் கூடுதல்தான். என் டிரான்சிஸ்டர் போவதற்கு முன் இதைப் பற்றித் தெரிந்திருந்தால் முதலில் இதைத்தான் வாங்கியிருப்பேன்.

முதல் படம்

கணினியை ஆன் செய்தவுடன், விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன் வரும் பயோஸ் திரை 31-இல்தான் வரும். நம் டிரைவர் எழுந்திருப்பது அதற்கு அப்புறம்தான். ஆகவே மானிட்டருக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். முதலில் சாதாரண மானிட்டரில் எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டு, கணினி நேராக ஆட்டப் பட்டியலுக்குள் போகும்படி செய்துவிடுங்கள். அது முழுதாக எழுந்து நின்ற பிறகு பெட்டியின் சுவிட்சைப் போடுங்கள்.

படம் சாய்ந்து ஓடினால் எச்-ஹோல்டை மெல்லத் திருகுங்கள். மேலும் கீழும் உருண்டால் வி-ஹோல்டு. தலை கால் வெட்டுப்பட்டால் வி-சைஸ். மூலையில் பச்சை, ஊதாத் திட்டு தெரிந்தால் காந்தம் ஏறியிருக்கிறது. பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளி வைத்துவிட்டு, காந்தத்தை எடுக்கும் டீகாஸ் காயிலை டியூபின் முன் சுற்றிக் காட்டும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். எல்லாம் பொருந்தியதும் கிட்டப் போய்ப் பாருங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி தெரியும். டிவி ஒற்றைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைக் கோடுகளை மறு தடவையும் வரைந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும். கேம் போர்டு ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலேயே வரையும். ஆட்டத்தின் படங்களை வரைந்தவர்கள் இந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே வரைந்தவர்கள். முஸ்தபாவின் முகம் மொபைலில் கட்டம் கட்டமாகத் தெரிவதும், இங்கே முகமாகவே தெரிவதும் அதனால்தான்.

எங்கள் வீட்டில் அன்று படம் வந்தபோது அக்கா மகள் காதைப் பொத்திக்கொண்டு, “மாமா, உய்யின்னு ஒரு சத்தம் வருது” என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நொடிக்கு 15,700 தடவை துடிக்கும் ஈஎச்டியின் சத்தம் அது. சின்னப் பிள்ளைகளின் காதுக்கு எட்டும், வயது ஏற ஏற எட்டாது. இப்போதெல்லாம் அவளைத்தான் கேட்கிறேன். சத்தம் ஒரே சீராக இருக்கிறது என்றால் வேகம் சரி. மாறி மாறிக் கேட்கிறது என்றால் உடனே சுவிட்சை அணைத்துவிடுவோம்.

ஆடி முடித்தால் முதலில் மானிட்டர், அப்புறம்தான் கணினி. கணினியை முதலில் நிறுத்தினால், மூடும்போது அது மறுபடி 31-க்குத் தாவும்.